ஆற்றலரிகளைப் பிரித்தறிய 10 மடங்கு கைலென்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

ஆற்றலரி என்ற பெயர் இலையைப் பார்த்து வைத்தது. அலரி இலைபோல ஒடுங்கி நீண்ட இலை, வளர்வது ஆற்றோரம். பெர்சிகேரியா என்ற லத்தீன் பேரினப் பெயரும் இலையிலிருந்து வந்ததுதான். பீச் மரத்தின் இலையை ஒத்தது என்று பொருள். இரண்டு மொழியிலும் பெயர் இலையிலிருந்தே பிறந்திருக்கிறது. ஆனால் இந்தச் செடிகளில் ஆளை மிக எளிதாக ஏமாற்றுவதும் இலையேதான். நிலம் காய்ந்தால் சிறுத்துப்போகும், நீர் தேங்கினால் நீளும், நிழலில் அகலும். இலை நடுவில் தெரியும் கருந்திட்டை நம்பிப் பெயர் சொல்பவர்கள் பாதி நேரம் தவறுகிறார்கள்.

சிற்றினத்தைக் காட்டிக்கொடுக்கும் உறுப்புகள் வேறு. கணுவைச் சுற்றிய சவ்வுறையின் விளிம்பு, மஞ்சரித்தண்டின் மேல் உள்ள சுரப்பிகள், பூவிதழின் நரம்பு, விதையின் வடிவமும் பளபளப்பும். ஏறக்குறைய எல்லாமே 3 மில்லிமீட்டருக்குள் அடங்கியவை. வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பவை. அதனால்தான் ஆற்றலரியும் அதன் உறவுச் செடிகளும் அடங்கிய இந்தப் பாலிகோனேசிக் குடும்பத்தைப் பழக நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது புத்தகம் அல்ல, லென்ஸ்.

இங்கே மதிப்பிடுவது சட்டைப்பையில் அடங்கும் மடக்கு லென்ஸை: 10 மடங்கு பெருக்கம், உள்ளே மூன்று கண்ணாடிகள் ஒட்டப்பட்டது, 18 முதல் 21 மில்லிமீட்டர் விட்டம், உலோகச் சட்டம். இந்த வகையைப் பலரும் தயாரிக்கிறார்கள். மேலே பொறித்த பெயரைவிட உள்ளே எத்தனை கண்ணாடி, குவியத்தூரம் எவ்வளவு என்பதே வேலையைத் தீர்மானிக்கும் என்பதால் வகையைப் பற்றியே பேசலாம். இதன் போட்டியாளர்களான 20 மடங்கு லென்ஸ், விளக்கு பொருத்திய லென்ஸ், கைபேசியில் மாட்டும் குளோசப் லென்ஸ், படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் ஆகியவையும் இடையிடையே வரும்.

முதலில் பெருக்கம் என்ற எண்ணைப் பற்றி. லென்ஸ் விற்பனையில் அதிகம் ஏமாற்று நடப்பது இந்த எண்ணில்தான். கைலென்ஸின் பெருக்கத்தை 250-ஐக் குவியத்தூரத்தால் வகுத்துச் சொல்வார்கள். 10 மடங்கு என்றால் குவியத்தூரம் 25 மில்லிமீட்டர், 20 மடங்கு என்றால் 12.5. சட்டத்தில் 30 மடங்கு என்றும் 21 மில்லிமீட்டர் விட்டம் என்றும் பொறித்த லென்ஸ்கள் கடைகளில் ஏராளம். 30 மடங்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் குவியத்தூரம் 8.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். விட்டத்தின் பாதிகூட இல்லாத குவியத்தூரத்தில் தெளிவான பிம்பம் தரும் எளிய கைலென்ஸைச் செய்யவே முடியாது. அளந்து பார்த்தால் இவை பெரும்பாலும் 10 மடங்கின் பக்கத்திலேயே நிற்கும்.

சோதிப்பது சுலபம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, லென்ஸை அதன் முன்னே நகர்த்துங்கள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உள்ள மரமோ கட்டடமோ தாளில் தலைகீழாகத் தெளிந்து விழும். அந்த நிலையில் தாளுக்கும் லென்ஸின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளங்கள். 25 மில்லிமீட்டர் சுற்றி வந்தால் 10 மடங்கு உண்மை. அடுத்து மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளை லென்ஸ் வழியே பாருங்கள். மூன்றடுக்கு லென்ஸில் கோடுகள் ஓரம்வரை ஏறக்குறைய நேராகவே ஓடும், கோட்டின் இருபுறமும் நீலமோ மஞ்சளோ கசியாது. ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் நடுவில் மட்டும் தெளிவு இருக்கும், ஓரத்தில் கட்டக் கோடுகள் வளைந்து தெரியும். செடி பார்க்கும்போது இந்த நிறக்கசிவு வெறும் அழகுக் குறை அல்ல. பூவிதழின் மஞ்சள் சுரப்பிகளைத் தேடும்போது, லென்ஸே ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பூசினால் இல்லாத சுரப்பி இருப்பதாகத் தோன்றும்.

பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். துப்பறிவாளர் கண்ணாடிபோலச் செடியின்மேல் பிடித்து, எட்டி நின்று குனிந்து பார்ப்பவர்கள்தான் “ஒன்றும் தெரியவில்லை” என்று லென்ஸைக் குறை சொல்கிறார்கள். கணக்கு எளியது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 மடங்கு லென்ஸைக் கண்ணிலிருந்து 25 மில்லிமீட்டரில் பிடித்தால் செடியில் சுமார் 20 மில்லிமீட்டர் அகலம் கண்ணுக்குள் வரும். அதே லென்ஸைக் கண்ணிலிருந்து 250 மில்லிமீட்டரில் பிடித்தால் 2 மில்லிமீட்டர்தான். லென்ஸைப் புருவத்தோடு ஒட்டி வையுங்கள், அந்தக் கையின் கட்டைவிரல் கன்னத்தில் ஊன்றட்டும். மறு கையில் செடித்துண்டை எடுத்து, அந்தக் கையை முதல் கையோடு முட்டுக்கொடுத்துக் கண்ணை நோக்கிக் கொண்டுவாருங்கள். நகர வேண்டியது செடி, லென்ஸ் அல்ல. இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், உங்கள் தொப்பியின் நிழல் விழக் கூடாது.

கணுவுறை: லென்ஸ் தன் விலைக்கு வேலை செய்யும் இடம்

இந்தக் குடும்பத்தின் முத்திரையே கணுவில் இருக்கிறது. இலையடிச்செதில்கள் ஒன்றாக ஒட்டிக் குழலாகித் தண்டைச் சுற்றி நிற்கும். தாவரவியலில் ஆக்ரியா என்பார்கள், நாம் கணுவுறை என்றே சொல்லலாம். அதன் மேல்விளிம்பில் மயிர்போன்ற குச்சங்கள் இருக்கின்றனவா, இருந்தால் எவ்வளவு நீளம் என்ற ஒரே கேள்வி பாதிச் சிற்றினங்களை ஒதுக்கிவிடும்.

பெர்சிகேரியா கிளாப்ராவில் விளிம்பு மழுங்க வெட்டியதுபோல் இருக்கும், குச்சம் கிடையாது. அதே பேரினத்தின் இன்னொரு சிற்றினமான பார்பேட்டாவில் குச்சங்கள் உறையின் நீளத்துக்கே நீண்டு நிற்கும், உறையின் உடலிலும் முரட்டுத் தூவிகள் படுத்திருக்கும். ஆற்றலரி, நீரலரி என்ற பெயர்கள் இந்த இரண்டுக்கும் மாறி மாறி வழங்குவதால் பெயரைக் கேட்டுப் பயனில்லை, கணுவைப் பார்ப்பதே வழி. இந்த இரண்டையும் பிரிக்க லென்ஸ்கூடத் தேவைப்படாது. தேவைப்படுவது பெர்சிகேரியாவின் அடுத்த ஜோடிக்கு. மாக்குலோசாவில் குச்சம் உண்டு, ஆனால் குட்டை, ஓரிரு மில்லிமீட்டர். லபாத்திஃபோலியாவில் குச்சம் இல்லை, அல்லது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், 10 மடங்கில் சந்தேகமே வராது. லாங்கிசெட்டாவை மாக்குலோசாவோடு குழப்புபவர்களுக்கும் விடை இங்கேதான்: லாங்கிசெட்டாவின் குச்சங்கள் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு 12 வரைகூடப் போகும், மஞ்சரியில் பூக்களைத் தாங்கும் குட்டி உறைகளிலும் அதே நீளக் குச்சங்கள் பிதுங்கி நிற்கும்.

தவறு நேர்வது எங்கே? எந்தக் கணுவைப் பார்க்கிறோம் என்பதில். அடிக்கணுக்களின் உறை காய்ந்து நார்நாராகக் கிழிந்துபோயிருக்கும், குச்சம் உதிர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு “குச்சம் இல்லை, லபாத்திஃபோலியா” என்று எழுதுவது ஒரு வகைத் தவறு. இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. குச்சமே இல்லாத சிற்றினத்தில் சவ்வு சிதைந்தபின் நரம்புகள் மட்டும் நார்களாக நிற்கும், அவை குச்சம்போலவே தெரியும். லென்ஸில் ஒவ்வொரு நாரையும் கீழே தொடர்ந்து பாருங்கள். உறையின் உடலில் கோடாக இறங்கிச் சென்றால் அது நரம்பு. விளிம்பிலேயே தொடங்கி நுனி நோக்கிச் சீராக மெலிந்தால் குச்சம். நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது அல்லது நான்காவது கணுவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தவறும் வராது. அதற்கும் மேலே உள்ளது இன்னும் முழுதாக விரியாதது. ஒரு செடியில் மூன்று கணுவாவது பாருங்கள்.

குச்சங்கள் நிறமற்றவை என்பதால் பின்னால் கருப்பு அட்டை வைத்துப் பார்ப்பது பெரிய வித்தியாசம் தரும். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளையாக உள்ள சிறு அட்டைத்துண்டும் அதன் ஓரத்தில் ஒட்டிய மில்லிமீட்டர் அளவுகோலும் லென்ஸோடு சேர்ந்தே இருக்க வேண்டியவை. பெருக்கத்தில் பார்க்கும்போது நீளத்தைக் கண்மதிப்பில் சொல்வது நம்பகமானதல்ல. 2 மில்லிமீட்டர் குச்சம் 5 மாதிரித் தெரியும்.

ஓரியென்டாலிஸின் கணுவுறையில் சவ்வுக்கு மேலே பச்சை நிறக் காலர்போல ஒரு விளிம்பு விரிந்திருக்கும். ஆளுயரம் வளரும் செடி, அகன்ற இலை. அதற்கு லென்ஸை எடுக்கவே வேண்டாம். கொக்கிமுள் தண்டுள்ள சாஜிட்டேட்டா, முக்கோண இலையின் அடிப்பரப்பில் காம்பு செருகிய பெர்ஃபோலியேட்டா இரண்டும் அப்படியே, பார்த்ததும் தெரிந்துவிடும்.

கருந்திட்டும் நங்கூர நரம்பும்

இலை நடுவே கருந்திட்டு இருந்தால் மாக்குலோசா என்பது பரவலான நம்பிக்கை. அந்தச் சொல்லுக்கே புள்ளி விழுந்தது என்றுதான் பொருள். ஆனால் லபாத்திஃபோலியாவிலும் திட்டு அடிக்கடி வரும். மாக்குலோசாவில் வராமலும் போகும். படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் அதிகம் சறுக்குவதும் இந்த ஜோடியில்தான். இடுப்புயரத்திலிருந்து எடுத்த படத்தில் திட்டும் இளஞ்சிவப்புக் கதிரும்தான் பதிகின்றன. பிரித்துக் காட்டும் எதுவும் படத்தில் இல்லாதபோது செயலியைக் குறைசொல்லியும் பயனில்லை. பேரினம் வரை சொல்வதை ஏற்கலாம். அதற்குக் கீழே அது சொல்வதை, சோதிக்க வேண்டிய ஒரு யூகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் இந்த ஜோடியில் இரண்டு உறுதியான சான்றுகளைத் தரும். ஒன்று, மஞ்சரித்தண்டு. கதிருக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் தண்டைப் பக்கவெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். லபாத்திஃபோலியாவில் காம்பில்லாத மஞ்சள் சுரப்பிகள் தண்டின்மேல் மணல் தூவியதுபோல ஒட்டியிருக்கும். மாக்குலோசாவில் பெரும்பாலும் இருக்காது. ஒட்டியிருப்பது சுரப்பியா மகரந்தமா தூசியா என்ற ஐயம் வந்தால் குண்டூசி முனையால் தள்ளிப் பாருங்கள். தூசி நகரும், சுரப்பி நகராது.

இரண்டாவது சான்று இன்னும் அழகானது. கனி முற்றிய பூவை எடுத்து வெளிப்பூவிதழைக் கவனியுங்கள். லபாத்திஃபோலியாவில் தடித்த நரம்பு மேலே ஏறி, உச்சியில் இரண்டாகப் பிரிந்து, இரு கிளையும் கீழ்நோக்கி வளையும். அச்சு அசல் கப்பல் நங்கூரம். மாக்குலோசாவின் நரம்பு இப்படி வளைவதில்லை. குச்சமில்லாத கணுவுறையால் கிளாப்ராவா லபாத்திஃபோலியாவா என்று தடுமாறும்போதும் இந்த நங்கூரமே தீர்ப்பு சொல்லும். கிளாப்ராவில் அது கிடையாது. இளம்பூவில் நரம்பு தெளிவாக எழுந்திருக்காது என்பதால் கதிரின் அடிப்பகுதியிலிருந்து பூவை எடுப்பது முக்கியம். இதைக் காண 10 மடங்கு கச்சிதமான அளவு. 20 மடங்கில் பூவிதழின் மேடுபள்ளம் முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவில் நிற்காது. பெருக்கம் இரட்டிக்கும்போது தெளிவின் ஆழம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

சுரப்பிப் புள்ளிகள்: வெளிச்சத்தை எங்கே வைப்பது?

ஹைட்ரோபைப்பர் என்ற பெர்சிகேரியாவின் இலையைக் கடித்தால் மிளகுபோல எரியும். எரிச்சல் உடனே வராது, சில நொடி தாமதித்து நாக்கில் ஏறும். காரணம் அதன் இலையில் உள்ள பாலிகோடியால் என்ற பொருள். அதை வைத்தே பிரித்துவிடலாம் என்பார்கள். சாக்கடை கலக்கும் ஓடையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் வளரும் செடியை வாயில் வைப்பது நல்ல வழி அல்ல. லென்ஸ் இருக்கும்போது தேவையும் இல்லை.

பார்க்க வேண்டியது பூவிதழின் புள்ளிகளை. ஹைட்ரோபைப்பரின் பூவிதழ் முழுவதும் மஞ்சள் சுரப்பிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும், காய்ந்தபின் பழுப்பாகும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் இவை பூவிதழின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். பூவை வானத்துக்கு எதிராகப் பிடித்து, ஒளி பூவிதழை ஊடுருவி வரும்படி பாருங்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். விளக்கு பொருத்திய லென்ஸ்கள் தோற்பது இங்கேதான். லென்ஸைச் சுற்றியுள்ள விளக்குகள் முன்னாலிருந்தே ஒளியைக் கொட்டுவதால் மேற்பரப்பு தட்டையாகி வெளுத்துவிடும், ஊடுருவும் ஒளிக்கு வழியே இருக்காது. விளக்குள்ள லென்ஸை வாங்கியவர்கள் இந்த வேலைக்கு அதை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். மாலையில், அடர்நிழலில் கணுவைப் பார்க்க அது உதவும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மிட்டிஸ், மைனர் இரண்டிலும் இந்தப் புள்ளிகள் இல்லை, அல்லது அரிதாக ஓரிரண்டு. ஹைட்ரோபைப்பரின் கதிர் மெலிந்து, அடியில் விட்டுவிட்டுப் பூத்து, நுனி தலைசாய்ந்திருக்கும். கணுவுறை சற்றே உப்பலாகத் தெரிந்தால் ஊசியால் கிழித்துப் பாருங்கள். திறக்காமலே தன்மகரந்தச்சேர்க்கை நடத்தும் பூக்கள் உள்ளே ஒளிந்திருக்கும். கதிர் முழுவதும் வெட்டப்பட்ட செடியிலும் இந்த ஒளிந்த பூக்களில் விதை கிடைக்கும் என்பது அடையாளம் காண்பவருக்குப் பெரிய வசதி.

பங்டேட்டா ஒரு சிக்கல். அதன் பூவிதழிலும் அதேபோலப் புள்ளிகள் உண்டு. அங்கே விதைக்குப் போக வேண்டும்.

விதை

தாவரவியலாளர்கள் அக்கீன் என்று சொல்லும் ஒற்றை விதைக் கனியைத்தான் இங்கே விதை என்கிறோம். காய்ந்த கதிரை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, பத்து விதையையாவது வெள்ளை அட்டையில் பரப்புங்கள். ஒன்றிரண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாக்குலோசாவின் ஒரே கதிரில் சில விதை இருபுறத் தட்டையாகவும் சில முப்பட்டையாகவும் இருக்கும். சூல்தண்டு இரண்டாகப் பிரிந்த பூவிலிருந்து வருவது தட்டை, மூன்றாகப் பிரிந்ததிலிருந்து வருவது முப்பட்டை. ஹைட்ரோபைப்பரிலும் இந்தக் கலப்பு உண்டு. லபாத்திஃபோலியாவில் பெரும்பாலும் தட்டை, இரு முகமும் நடுவில் குழிந்திருக்கும். பார்பேட்டாவில் முப்பட்டை, கிளாப்ராவில் பெரும்பாலும் இருபுறமும் உப்பிய தட்டை. (லென்ஸ் என்ற சொல்லே லத்தீனில் மசூர்ப் பருப்பின் பெயர், கண்ணாடிக்கு அந்த வடிவத்தால் பெயர் வந்தது. இந்தத் தட்டை விதைகளும் அதே வடிவந்தான்.)

பளபளப்பு இன்னும் முக்கியம். ஹைட்ரோபைப்பரின் விதை மங்கல், மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பு. பங்டேட்டா, மிட்டிஸ், மைனர் மூன்றிலும் விதை மெருகேற்றியதுபோல மின்னும். மிட்டிஸின் விதை 3 மில்லிமீட்டரைத் தாண்டும், மைனரின் விதை 2 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும்; மைனரின் இலையும் ஒடுங்கி, இரு ஓரமும் ஏறக்குறைய இணையாக ஓடும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஈரமான விதை எதுவானாலும் மின்னும், எனவே உறிஞ்சுதாளில் ஒற்றிச் சில நிமிடம் உலரவிடுங்கள். முற்றாத விதைக்குப் பளபளப்பு வந்திருக்காது. பச்சையோ வெளிர்பழுப்போ இருந்தால் தள்ளிவைத்து, கருத்ததை மட்டும் எடுங்கள். விளக்கு லென்ஸ் கைவசம் இருந்தால் இந்த ஒரு வேலையில் அது உண்மையாகவே உதவும்: மின்னும் விதையில் ஒவ்வொரு விளக்கும் கூர்மையான ஒளிப்புள்ளியாகப் பிரதிபலிக்கும், மங்கல் விதையில் எல்லாம் கலந்து பரவிய ஒரே வெளுப்பாகத் தெரியும்.

இதே குடும்பத்தில் கொடியாகப் படரும் ஃபலோப்பியா பேரினத்தின் ஜோடிக்கும் இதே முறைதான். கன்வல்வுலஸின் விதை மங்கல் கருப்பு, 4 மில்லிமீட்டருக்கு மேல். அதன் பூக்காம்பு குட்டை, 3 மில்லிமீட்டரைத் தாண்டாது, மூட்டு காம்பின் நடுவுக்கு மேலே இருக்கும். டுமெட்டோரத்தின் விதை பளபளப்பு, 3 மில்லிமீட்டருக்குள். காம்பு நீளம், மூட்டு நடுவுக்குக் கீழே. கனியைச் சுற்றிய இறக்கையை மட்டும் நம்பாதீர்கள். டுமெட்டோரத்தில் அது அகலம் என்பது சரிதான், ஆனால் கன்வல்வுலஸிலும் ஒடுங்கிய இறக்கையுள்ள வகை உண்டு. காம்பின் மூட்டு 10 மடங்கில் மெல்லிய வளையமாகத் தெளிவாகத் தெரியும்.

20 மடங்கு எப்போது தேவை?

ஏறக்குறைய ஒரே வேலைக்கு: இதே குடும்பத்தின் ரெய்னூட்ரியா பேரினத்துச் செடிகளின் இலையடித் தூவிகளுக்கு. பிலிப் ஃபிரான்ஸ் வான் சீபோல்ட் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து, 1850-இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கும் அனுப்பிய ஜப்பானிகாதான் இன்று பல நாடுகளில் அகற்ற முடியாத களை. அதன் கலப்பினம் போகெமிகா. மற்றப் பெற்றோர் சகலினென்சிஸ். இலை அளவை வைத்துப் பார்த்தால் ஜப்பானிகா சிறியது, அடி நேராக வெட்டியதுபோல. சகலினென்சிஸ் 40 சென்டிமீட்டர் வரை போகும், அடி இதயவடிவம். போகெமிகா நடுவில் எங்கோ. அந்த “எங்கோ”தான் பிரச்சினை. தூவி அதைத் தீர்க்கும். இலையின் அடிப்பக்க நரம்பில் சகலினென்சிஸுக்கு நீண்டு நெளியும் பலசெல் தூவிகள். போகெமிகாவுக்குக் குட்டையான, விறைத்த தூவிகள். ஜப்பானிகாவுக்குத் தூவியே இல்லை, நரம்பின்மேல் சிறு புடைப்புகள் மட்டும்.

இலையை விரல்மேல் வளைத்து, நரம்பு முகட்டில் வரும்படி வைத்து, கருப்பு அட்டைக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். தட்டையாக வைத்து நேரே பார்த்தால் தூவி இருந்தாலும் தெரியாது. நடுத்தண்டின் நடுப்பகுதி இலைதான் வேண்டும், கிளைநுனி இலைகள் அல்ல. பருவத்தின் முற்பகுதி நல்லது. போகெமிகாவின் தூவிகள் நாள் செல்லச் செல்ல உதிர்ந்துவிடும். பருவ முடிவில் பார்த்து “தூவி இல்லை” என்று ஜப்பானிகாவாகப் பதிவுசெய்வது அடிக்கடி நடக்கும் பிழை. 10 மடங்கில் போகெமிகாவின் குட்டைத் தூவியையும் ஜப்பானிகாவின் புடைப்பையும் பிரிப்பது கடினம், கூரிய கண்ணுள்ளவர்களால் முடியும். 20 மடங்கில் ஐயம் தீரும். ஆனால் அதில் லென்ஸுக்கும் செடிக்கும் இடையே விட வேண்டிய தூரம் ஒரு சென்டிமீட்டர் சுற்றித்தான் என்பதால் உங்கள் தலையே வெளிச்சத்தை மறைக்கும், கையின் சிறு நடுக்கமும் பிம்பத்தை ஆட்டும். முதல் லென்ஸாக 20 மடங்கை வாங்கியவர்கள் பலர் அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுவது இதனால்தான். 10-உம் 20-உம் ஒரே சட்டத்தில் எதிரெதிரே மடங்கும் வடிவமும் உண்டு. இந்தக் களையைக் கணக்கெடுப்பவர்களுக்கு அது தகும், மற்றவர்களுக்கு வீண்சுமை.

இந்தச் செடியில் லென்ஸுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. வேர்த்தண்டின் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டிலிருந்துகூட ரெய்னூட்ரியா முளைக்கும். சரிபார்க்க என்று தண்டையும் வேரையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வதே பரப்பும் வழி. செடி நிற்கும் இடத்திலேயே, ஒரே இலையில் முடிவெடுத்து, இலையையும் அங்கேயே விட்டுவர லென்ஸ் போதும்.

எங்கே கைவிடும்?

பாலிகோனம் அவிகுலாரே கூட்டத்தில். தரையோடு படரும் இந்தச் சிறு செடிகளில் அரினாஸ்ட்ரத்தைப் பிரிக்க, பூவிதழ்கள் அடியில் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவிகுலாரேயில் ஒட்டுக் குறைவு, அரினாஸ்ட்ரத்தில் ஏறக்குறையப் பாதிவரை. 3 மில்லிமீட்டர் பூவை ஊசியால் பிளந்து பார்க்க இரண்டு கை வேண்டும், லென்ஸைப் பிடிக்க மூன்றாவது கை. விதையின் முகங்களிலும் துப்பு உண்டு: அவிகுலாரேயில் மூன்று முகமும் ஏறக்குறையச் சமம், குழிந்தவை; அரினாஸ்ட்ரத்தில் இரண்டு முகம் உப்பல், ஒன்று ஒடுங்கிக் குழிந்தது. களத்தில் முதன்மைத்தண்டின் இலை கிளையிலையைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் அவிகுலாரே என்று நினைக்கலாம், ஆனால் மிதிபட்டு இலை உதிர்ந்த செடியில் அதுவும் போகும். இங்கே மேசைமேல் வைக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கிதான் சரியான கருவி. இவற்றுள் பிளிபேயம் மட்டும் லென்ஸுக்கு அடங்கும்: விதை 2 மில்லிமீட்டருக்குள், பளபளப்பு, மகரந்தத்தாள் ஐந்து, அவிகுலாரேயில் விதை மங்கல், நுண்வரி ஓடியது, தாள்கள் பெரும்பாலும் எட்டு.

கைபேசியில் மாட்டும் குளோசப் லென்ஸைத் தனியாக வாங்கத் தேவையில்லை. இதே 10 மடங்கு லென்ஸைக் கைபேசியின் கேமராக் கண்ணோடு ஒட்டி, மையம் மையத்தோடு பொருந்தப் பிடித்து, குவியத்தைத் தொலைவுக்குப் பூட்டிவிட்டு, செடியை 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் கணுவுறையும் சுரப்பியும் பதிவாகும். ஓரம் இருண்டால் கேமராவைச் சற்றுப் பெரிதாக்கி வெட்டிக்கொள்ளலாம். நாலாவது கணு, மஞ்சரித்தண்டு, ஒளி ஊடுருவும் பூ, அளவுகோல் பக்கத்தில் பரப்பிய விதை: இந்த நான்கு படமும் இருந்தால், செடியை நேரில் பார்க்காதவரும் உங்கள் முடிவைச் சரிபார்க்க முடியும்.

பராமரிப்பில் ஒன்றிரண்டு. ஆற்றோர மணல்தான் கண்ணாடிக்கு எதிரி. துடைக்கும் முன் ஊதி மணலை அகற்றுங்கள், பிறகே மென்துணி. மூன்று கண்ணாடிகளும் பசையால் ஒட்டப்பட்டவை என்பதால் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைக்கக் கூடாது. ஒட்டு பிரியத் தொடங்கினால் ஓரத்தில் வானவில் நிறம் தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போது அச்சு திருகாணியால் இறுக்கப்பட்டதா, தட்டி அடித்ததா என்று பாருங்கள். தட்டி அடித்தது தளர்ந்துவிட்டால் லென்ஸ் சட்டத்திலேயே தானாக மடங்கிக்கொண்டிருக்கும். திருகாணியுள்ளதை நீங்களே இறுக்கலாம். கழுத்துக் கயிறு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். பச்சைக் கயிற்றோடு புதரில் விழுந்த லென்ஸைத் தேடுவதைவிட ஹைட்ரோபைப்பரின் சுரப்பியைத் தேடுவது எளிது.